மக்கட்குக் கூலியும் பரிசிலும்

சென்ற ஆண்டு ஒரு குருபூசை நாளில், மாகேசுர பூசை முடிந்து திருமடத்துத் திண்ணையில் யாம் அமர்ந்திருந்தபோது, அன்பர் ஒருவர் எம்மை அணுகி ஒரு வினா விடுத்தனர். அவர் இல்லத்துச் சிறார் இருவர் உளர். சுவரில் ஒரு தாளைத் தைத்து, வைகறையில் எழுந்தால் ஒரு விண்மீன், நீராடித் திருநீறு தரித்தால் ஒன்று, பாடம் முடித்தால் ஒன்று என அத்தாளில் ஒட்டி வருகின்றனராம். விண்மீன் பத்து நிறைந்தவுடன் பிள்ளை விரும்பிய பண்டம் வாங்கித் தரப்படும். "இம்முறை நம் சித்தாந்தத்துக்கு ஒக்குமா, ஐயா?" என்பது அவர் வினா. யாம் சிறிதும் தாழாது, "ஒக்கும், கைப்பு மருந்து உண்ண மறுக்கும் மகவின் நாவிலே தாய் வெல்லம் தடவுதலை ஒப்பது அது" என்று விடையிறுத்தோம். அருகிருந்தோர் தலையசைத்தனர். அன்பரும் மகிழ்ந்து சென்றனர்.

அவ்விடை பிழை. முழுதும் பிழையென்று கூறோம். ஆராயாது கூறிய விடை என்பது மட்டும் உறுதி. பலர் முன்னிலையிற் கூறியதனைப் பலரும் காணவே திருத்துதல் கடனாதலின், ஈண்டு இதனை எழுதப் புகுந்தோம்.

பிழையென எமக்கு உணர்த்தியவன் எம் பெயரன். எட்டு வயதினன். எமது பூசை வேளையில் அருகில் வந்து அமர்ந்து, யாம் ஓதும் பதிகத்தின் ஈற்றடிகளை வாய்க்குள்ளே முணுமுணுத்துக்கொண்டிருப்பது அவன் வழக்கம். இவன் பல பதிகங்களை விரைவிற் பாடம் பண்ணிவிட்டால் நன்றன்றோ என்னும் ஆசை எமக்கு எழுந்தது. அன்பர்க்குக் கூறிய விடையே எமக்குத் துணிவும் தந்தது. "பதிகம் ஒன்றைப் பிழையின்றி ஒப்புவித்தால் ஐந்து ரூபாய்" என்று அவனொடு பேசி முடித்தோம். மார்கழியில் தொடங்கி மாசி கழிவதற்குள் 17 பதிகங்கள் ஒப்புவித்துவிட்டான். மண் உண்டியலில் 85 ரூபாய் சேர்ந்தது. வந்தவரிடமெல்லாம் யாம் இதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். அவன் குறும்பதிகங்களையே தேர்ந்தெடுத்தான் என்பதையும், பண்ணை விட்டுவிட்டுச் சொற்களை மாத்திரம் கொட்டினான் என்பதையும், பூசை வேளையில் அந்த முணுமுணுப்பு நின்றுபோயிற்று என்பதையும் யாம் நோக்கினோமல்லேம்.

பங்குனியில் எம் இல்லாள் காய்ச்சலாற் கிடந்தாள். மாலையிற் பெயரனை அழைத்து, "கண்ணே, திருநீலகண்டப் பதிகம் பாடு, கேட்டுக்கொண்டே கண் மூடுகிறேன்" என்றாள். திருச்செங்கோட்டில் அடியாரைப் பற்றிய பனிக்காய்ச்சல் நீங்கும்பொருட்டு ஆளுடைய பிள்ளையார் அருளிய பதிகம் அது என்பதும், நம் இல்லங்களில் நோயுற்றார் பக்கலில் அதனை ஓதுவது மரபென்பதும் அன்பர்கள் அறிவர். சிறுவன் பாடத் தொடங்கவில்லை. எம் முகத்தை நோக்கினான். "தாத்தா, இது முன்னமே ஒப்புவித்ததாயிற்றே, இப்போது பாடினாலும் கணக்கிற் சேருமா?" என்றான்.

இல்லாள் சிரித்துவிட்டாள். "சேரும், சேரும், பாடு" என்றாள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டியின்மீது அவனுக்கு அன்பில்லை என்று எண்ணற்க. வெந்நீர்ச் செம்பை ஏந்திக்கொண்டு பகல் முழுதும் அவள் கட்டிலருகிலேயே நின்றவன் அவன். வஞ்சமும் அவன்பால் இல்லை. யாம் கற்பித்த கணக்கை அவன் செவ்வனே கற்றிருந்தான், அவ்வளவே. அவ்விரவு முழுதும் எம் சிந்தை இதிலேயே கிடந்தது.

கொடை எல்லாம் ஒரு தன்மையது அன்று. கூலி என்பது வினைக்கு முன்னரே அளவு பேசி நிறுத்தப்படுவது. இவ்வளவு செய்தால் இவ்வளவு என்னும் யாப்புடையது. கொடுத்த அப்பொழுதே இருவர்க்கும் இடையிலுள்ள தொடர்பு தீர்ந்துவிடுவது. பரிசில் என்பது பின்னர் வருவது, கொடுப்போன் உள்ளத்து நெகிழ்ச்சியினின்று பிறப்பது, வாங்குவோன் எதிர்பார்த்திராதது, வாங்கியபின் தொடர்பு மிகுவது. பண்டம் ஒன்றே ஆயினும் இவ்விரண்டும் வேறு. யாம் பெயரனுக்கு ஈந்தது பரிசில் என்று நினைந்திருந்தோம், ஈந்தது கூலி.

திருத்தொண்டர் புராணத்துள் பிள்ளையொருவர் பெற்ற கொடைகளை ஒருங்கு வைத்து நோக்கினால் இது விளங்கும். சீகாழிக் குளக்கரையிலே மூவாண்டுக் குழவி அழுதது. அம்மையார் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினார். குழவி பாடினால் பால் தருவேம் என்று அங்கே பேச்சு நிகழவில்லை. பால் முன், பாட்டுப் பின். மறுநாள் திருக்கோலக்காவில் பிள்ளையார் கையால் ஒற்றறுத்துப் பாடினார். இறைவன் திருவைந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் அளித்தனன். எதன்பொருட்டு? பாடியதற்கு விலையாகவா? அன்று. மெல்லிய அக்கைகள் தாளமிட்டுச் சிவந்தன. அது பொறாமையின் அளித்தனன். திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச் சிவிகை வந்தது, அடிகள் நொந்தமையின். பட்டீச்சரத்தில் முத்துப் பந்தர் வந்தது, வேனில் வெம்மை மிக்கமையின். இவற்றுள் ஒன்றேனும் முன்னர்க் காட்டி அழைத்ததில்லை. ஒன்றேனும் செய்யும் தொண்டுக்குப் புறம்பான விளையாட்டுப் பண்டமும் இல்லை. தாளம் மேலும் பாடுதற்கு உதவியது. சிவிகை மேலும் தலங்களை வணங்குதற்கு உதவியது. சீகாழிக் கரையிலே தந்தையார் பிள்ளையை நோக்கி ஓங்கியது கோல் என்பதனையும், மறுநாள் அப்பன் அப்பிள்ளைக்கு ஈந்தது தாளம் என்பதனையும் மக்களைப் பெற்ற நாம் ஒருங்கு வைத்து எண்ணுதல் நலம்.

திருவீழிமிழலையிற் பெற்ற படிக்காசினைப் பற்றி அன்பர்கள் கேட்பர். அது நாள்தோறும் முறையாக வந்தது, வருமென்று கனவில் முன்னரே உணர்த்தவும்பட்டதன்றோ எனின், ஆம். ஆயின் அக்காசு பாட்டுக்கு வந்ததன்று. வற்கடத்தில் வாடிய அடியார் உண்ணுதற்கு வந்தது. கனவின்கண் இறைவன் அருளியதன் கருத்தும் அதுவே: நும் இருவர்க்கும் குறையில்லை, நும்மைச் சார்ந்தார் வாடாமைப்பொருட்டு இது என்பது. அங்கே யாம் நெடிது நின்று நோக்கத்தக்க செய்தி மற்றொன்று உளது. அப்பரடிகட்கு வாசியில்லாக் காசும், பிள்ளையார்க்கு வாசியுடைய காசும் வந்தன. காரணம் கூறும் சேக்கிழார் பெருமான், அரசர் கைத்தொண்டு செய்யும் அடிமையராதலின் அங்ஙனம் பெற்றார் என்றும், பிள்ளையார் திருமகனாராதலின் இங்ஙனம் பெற்றார் என்றும் அருளிச்செய்தார். இளமையில் இதனைப் பாடங்கேட்ட காலத்து, மகனுக்கு அன்றோ நற்காசு வரவேண்டும், இது தலைகீழாக உள்ளதே என்று எம் ஆசிரியரை மறுத்து மறுத்துக் கேட்டோம். அவர் புன்முறுவல் செய்து, "உனக்குப் பிள்ளை பிறக்கட்டும்" என்று சொல்லி அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிட்டார்.

இப்பொழுது எமக்குத் தோன்றுவது இது. தொண்டர்க்கு அளப்பவன் நிறைய அளத்தல் வேண்டும், அது முறை. மகனுக்கும் தந்தைக்கும் இடையே அளவுகோல் இல்லை. காசு குறைந்துழிப் பிள்ளையார் செய்தது என்னை? பாடுதலை நிறுத்தினாரல்லர், குறையைத் தீர்த்தருளுமாறு தந்தையிடமே பாடிக் கேட்டார், குறை தீர்ந்தது. கூலியாளுக்கு நாணயம் குறைந்தால் வழக்கு எழும். மகனுக்குக் குறைந்தால் உரிமைக் குரல் எழும். எம் பெயரனோ எம்மிடம் உரிமையிற் கேட்டானல்லன். கணக்கன் கணக்கனை வினாவுவதுபோல் வினாவினான்.

இனி, நூல்வல்ல அன்பர் ஒருவர் எம்மை இங்ஙனம் மறுக்கலாம்: "பயன் காட்டி ஊக்குதல் தீதாயின், பதிகந்தோறும் திருக்கடைக்காப்பில் ஓதுவார் பெறும் பயனை ஆசிரியர் எடுத்துரைப்பானேன்? சரியை முதலிய நான்கிற்கும் சாலோகம் முதலிய நான்கும் பயனெனச் சிவஞானசித்தியார் சுபக்கம் எட்டாஞ் சூத்திரம் வகுப்பானேன்? அன்றியும், இருவினைக்கு ஏற்ப இன்பதுன்பங்களை ஊட்டுவோன் இறைவனென்பது நம் கொள்கையாயின், இவ்வுலகம் முழுதும் அவன் விண்மீன் ஒட்டும் தாளேயன்றோ?" இது வலிய தடை. எளிதிற் கடந்துசெல்லல் ஆகாது.

திருக்கடைக்காப்பிற் கூறிய பயன் வினையினின்றே முளைப்பது. நெல்லை விதைத்தால் நெல் விளையும் என்பான் உழவனுக்குக் கூலி பேசினானல்லன். விதையின் இயல்பைச் சொன்னான். யாம் கொடுத்த ஐந்து ரூபாயோ பதிகத்தின்கண் விளைந்ததன்று. எம் மடியில் இருந்தது. பதிகம் ஓதினும் அது வரும். பேரம் வேறாயின் பானை கழுவினும் வரும். ஆகவே சிறுவன் உள்ளம் பதிகத்தை வழியாகவும் காசை முடிவாகவும் கொண்டது. அதில் வியப்பென்னை?

இனி, இறைவன் வினைப்பயனை ஊட்டுவதும் உயிர் அதன்கண் நிலைத்து நிற்றற்கு அன்று. உண்டு உண்டு கழிதற்கும், மலம் பாகமுறுதற்கும், முடிவில் நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் ஒப்பத் தோன்றும் இருவினையொப்பு நிலை வாய்த்தற்குமே ஊட்டுகின்றனன். விண்மீன் தாளின் போக்கு இதற்கு நேர்மாறாதல் காண்க. பத்து நிறைந்தால் பிள்ளை இருபதினை நோக்கும். மிதிவண்டி பெற்றவன் கைப்பேசி கேட்பான். 'யான் செய்தேன், எனக்கு வந்தது' என்னும் செருக்கு ஒவ்வொரு விண்மீனோடும் ஒரு படி தடிக்கின்றது. பாகமாவதற்கு மாறாகப் பச்சையாகவே அம்மலத்தை நாம் ஓம்புகின்றோம்.

சித்தியார் வகுத்த நெறிகளையே எடுத்துக்கொள்வோம். சரியை தாசமார்க்கம், கிரியை சற்புத்திரமார்க்கம், யோகம் சகமார்க்கம், ஞானம் சன்மார்க்கம். தாசனும் ஈண்டு அடியானேயன்றிக் கூலியாள் அல்லன். நால்வகை நெறியுள் கூலிநெறி என ஒன்று யாண்டும் ஓதப்படவில்லை. இல்லத்துப் பிள்ளையோ பிறப்பிலேயே மகன் என்னும் உரிமையில் நிற்பவன். அவனை அந்நிலையினின்று இறக்கி, நால்வகையுள்ளும் அடங்காத ஓரிடத்தில் நிறுத்திவிட்டோம்.

அற்றேல், யாம் முதலிற் கூறிய வெல்லத்தின் கதி யாது? அது குடசிகுவிகா நியாயம் என வடநூலார் வழங்கும் பழைய நியாயமே, பொய்யன்று. பிழை அதனைப் பொருத்திய இடத்தில். வெல்லம் தடவுதல் கைப்பு மருந்துக்கு. மருந்து உள்ளே சென்றபின் தாய் வெல்லம் தருதலை நிறுத்திவிடுகிறாள்; நோய் நீங்கியபின் மருந்தையும் நிறுத்திவிடுகிறாள். தேவாரம் கைப்பு மருந்தா? பெயரன் தானே வந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒன்று அது. தேனின்மேல் வெல்லத்தைத் தடவினோம். நா தேனின் சுவையை மறந்து வெல்லத்தைத் தேடலாயிற்று.

கல்லூரியிற் பணிபுரியும் எம் மாணாக்கர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது, மேனாட்டு உளநூலார் இதனை ஆய்ந்திருக்கின்றனர் என்று சொல்லிச் சில கட்டுரைகளைப் படித்துக் காட்டினார். அமெரிக்க நாட்டுச் சிடான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில், இயல்பாகவே படம் வரைதலில் விருப்புடைய 3 முதல் 5 வயது வரையிலான 51 சிறாரை மூன்று குழுவாக்கினராம். ஒரு குழுவிற்கு, வரைந்தால் பொன்விண்மீனும் பட்டு நாடாவும் பொருந்திய சான்றிதழ் தரப்படும் என முன்னரே கூறினர். மற்றொரு குழுவிற்கு ஒன்றும் கூறாது, வரைந்தபின் அதே சான்றிதழை அளித்தனர். மூன்றாங் குழுவிற்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வரைகோல்களைச் சிறார் முன்னே சும்மா வைத்து நோக்கியபோது, முன்னரே பேசப்பெற்ற குழுவினர் ஏனையோர் வரைந்த நேரத்திற் பாதியளவே வரைந்தனர். சான்றிதழ்க்காக அவர் வரைந்த படங்களும் தரத்திற் குறைந்தன. பின்னர் எதிர்பாராது பெற்றவர்க்கோ விருப்பம் குன்றவில்லை. 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இது. திருக்கோலக்காவின் பொற்றாளம் எம் நினைவிற்கு வர, அவரை அப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் செய்தோம்.

2008 இல் ஜெர்மனி நாட்டிலிருந்து வெளிவந்த ஆய்வு இதனினும் எம்மை வருத்தியது. 20 திங்கள் நிரம்பிய குழவிகள், கீழே நழுவிய பொருளை எடுத்துத் தருதற்குத் தாமே ஓடிவருவன. அங்ஙனம் உதவிய குழவிகளுட் சிலவற்றிற்கு விளையாட்டுப் பொருள் ஈந்து வந்தனர். பின்னர் அக்கொடை நின்றபோது அவை உதவுதல் குறைந்தது; ஒன்றும் பெறாதன முன்போலவே உதவின. நடை பயிலும் பருவத்திலேயே கூலி தன் வேலையைச் செய்துவிடுகிறது. இத்தகைய 128 ஆய்வுகளைத் தொகுத்து 1999 இல் வெளியிட்டவரும், விருப்புடன் செய்யும் வினைக்கண் பேசிவைத்த கொடை விருப்பத்தைக் குறைக்கும் எனவும், இயல்பிற் சுவையற்ற வினைக்கண் அக்கேடு காணப்படவில்லை எனவும் முடித்தனர். இம்முடிபை ஒவ்வாத அறிஞரும் அந்நாட்டிலே உளர். அவர் வழக்கில் யாம் புகோம். வெல்லம் கைப்புக்கு உரியது, தேனுக்கு உரியதன்று என்னும் அளவே எமக்கு வேண்டுவது.

இதனைக் கேட்டு, "நாங்கள் பிரம்படி பட்டு வளர்ந்தோம், கோலே சிறந்தது" என்று முழங்குவாரும் நம்மிடையே உளர். எம் தோளிலும் ஒரு தழும்பு உண்டு. அதனாற் கல்வி வந்ததென்று யாம் எண்ணவில்லை. ஆசையால் நடத்துதல் பொன்விலங்கு எனின், அச்சத்தால் நடத்துதல் இரும்புவிலங்கு. 1823 இல் பல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த கேம்பெல் துரை அங்குள்ள திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. காலையில் முதலில் வரும் மாணாக்கனின் உள்ளங்கையிற் சரசுவதி என்று எழுதுவராம், இரண்டாமவன் கையிற் சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிச் செல்லும். அடிகளை விடுக. அந்த முதற்கொடையை நோக்குமின்! விற்கவோ உண்ணவோ ஆகாதது. நண்பகலில் கை கழுவினால் அழிந்துபோவது. பள்ளிக்கு வந்தவனுக்குப் பள்ளியின் தெய்வத்தையே கையில் வைத்தனுப்பினர். கொடை வினைக்கு இனமாயிருத்தல் வேண்டுமென்பதை அவ்வாசிரியன்மார் அறிந்திருந்தனர் போலும்.

ஆகலின் எம்மை வினவிய அன்பர்க்கு இப்பொழுது கூறுவது: சுவரிலுள்ள தாளை இன்றே கிழித்தெறியற்க. ஏழு விண்மீன் சேர்த்த பிள்ளைக்கு நும் சொல் கடன்பட்டிருக்கிறது. பத்தாகட்டும், சொன்னதை வாங்கிக் கொடுமின். தந்தை சொல் தவறினான் என்னும் பாடம் விண்மீன் தாளினும் கொடியது. பல் துலக்குதல், படுக்கை மடித்தல் போன்ற சுவையற்ற பழக்கங்களைத் தொடக்கத்தில் ஊன்றுதற்கு அத்தாள் ஒரு திங்கள், இரு திங்கள் இருக்கலாம். பழக்கம் ஊன்றியவுடன் வெல்லம் நிற்கட்டும். மனம் ஓரிடத்து நில்லாத இயல்பினராய்ச் சில மகார் பிறக்கின்றனர். அவர்க்கு மருத்துவர் இம்முறையை வகுத்திருப்பின் மருத்துவர் சொல்லே கொள்க. ஆயின் திருநீறு தரித்தல், வழிபாடு, வாய்மை, நோயுற்றார்க்கு உதவுதல், தம்பிக்குப் பகிர்தல் ஆகிய இவற்றின் எதிரே விண்மீன் ஒட்டற்க. மெய் சொன்னதற்குக் காசு பெற்ற பிள்ளை, பொய்க்கு அதனினும் மிக்க காசு வரும் நாளில் யாது செய்வான்?

நம் சபையார்க்கும் ஒரு சொல். திருமுறை ஒப்புவித்தற் போட்டிக்கு இத்துணை ரூபாய் எனத் துண்டுத்தாளில் முதல் வரியிலேயே அச்சிடுகின்றோம். அவ்வரியை நீக்கிவிட்டு, வந்து பாடிய அனைவர்க்கும் இறுதியில் ஒரு திருமுறை நூலோ ஓர் ஏலக்காய் மாலையோ அளித்தால் வருவோர் தொகை குறையும் என்பது உண்மை. குறையட்டும் என்பது எம் கருத்து. செயலாளர்கள் எம்மொடு முரணுவர்.

பெயரன் செய்தி எஞ்சியது. மறுநாட் காலை அவனைத் தனியே அழைத்து, முன்னாள் மாலைக்குரிய ஐந்து ரூபாயைக் கையில் வைத்து, இனிக் கணக்கு இல்லை என்றோம். "நான் என்ன பிழை செய்தேன்?" என்று கண்கலங்கினான். "நீ செய்யவில்லை; தாத்தா செய்தேன்" என்றோம். அவனுக்கு அது விளங்கவில்லை. சித்திரை முதல் ஆடி முடியும்வரை ஒரு பதிகமும் அவன் வாயில் வரவில்லை. யாம் ஒருநாள் பொறாது, "பாடேன், குழந்தாய்" என்று கெஞ்சியபோது இல்லாள் இடைபுகுந்து, "சும்மா பாடிக்கொண்டிருந்தவனைக் கெடுத்தவர் நீங்கள், இனியாவது சும்மா இருங்கள்" என்றாள். ஞானநூல்கள் பலவற்றிற் படித்த அவ்வுபதேசத்தை அடுக்களை வாயிலிற் பெற்றோம். அவ்வாறே சும்மா இருந்தோம்.

ஆவணியில் ஒருநாள் பூசை வேளையில் முதுகுப் பின்னே அந்த முணுமுணுப்புக் கேட்டது. யாம் திரும்பிப் பார்க்கவில்லை. புரட்டாசியில் கும்பகோணம் சென்றபோது சிறிய பித்தளைக் கைத்தாளம் ஒன்று வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாது பூசையறையில் வைத்தோம். அதன் கயிற்றை இருமுறை அறுத்துவிட்டான். தங்கையோடு அதற்காகச் சண்டையும் இட்டான். 17 பதிகங்களில் 11 அவனுக்கு மறந்துபோயின. எஞ்சிய ஆறினையும் பண்ணொடு பாடுகின்றான். திருநீலகண்டத்தில் ஓரிடத்துச் சீர் பிழைக்கிறது. யாம் இன்னும் அதனைத் திருத்தவில்லை.